நாலு மருந்தா, ரெண்டு மருந்தா

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதப்போனேன், எட்டிப் பார்த்த உன் அம்மா முறைத்தாள், அதனால் திருத்திக்கொள்கிறேன், என்னைத் தவிர எல்லோரும் சௌக்கியம், நானும் அவ்வளவு மோசமில்லை. நீயும் மாப்பிள்ளையும் சுகந்தானே.

சிறுநீர்ப்பையில் வந்த புற்று நுரையீரலையும் ஒரு எட்டுப் போய்ப் பார்த்துவிட்டது என்பது உனக்குத் தெரியும். எந்த மருந்தை ஏற்றுவது என்பதில் இங்கே நடந்த போர்தான் தெரியாது. டாக்டரம்மா இரண்டு வழி சொன்னார். ஒன்று நாலு மருந்து சேர்ந்த பழைய கூட்டணி, இன்னொன்று ரெண்டே மருந்து. தக்காளி வாங்கினாலும் கொசுறு கேட்கிறவள் உன் அம்மா, நாலையே போடுங்கள் என்று அங்கேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களாம், ஆயுளைக் கூட்டுவதில் ஏறக்குறைய ஒன்றுதானாம், ஆனால் நாலு மருந்தில் வாய்ப்புண்ணும் கிருமித் தொற்றும் அதிகம், முடியும் பெரும்பாலும் கொட்டிவிடுமாம். முடி என்றதும் நான் மீசையைத் தடவிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். மொட்டைத் தலையோடு முடிதிருத்தும் கடை நடத்தினால் எவன் நம்பி வந்து உட்காருவான்? மீசைக்காக உயிரைப் பணயம் வைக்கிறார் என்று அம்மா புகார் சொன்னாள், நான் மறுக்கவில்லை. அப்புறம் திடீரென்று குரலைத் தாழ்த்தி, இதில் முழுசாகக் குணமாகுமா என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "குணமாக்கும்னு சொல்ல மாட்டேன்மா, கட்டுப்படுத்தும், நாளைக் கூட்டித் தரும்" என்றார். திரும்பும்போது பஸ்ஸில் அம்மா ஜன்னல் சீட்டுக்குக்கூடச் சண்டை போடவில்லை, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. வீட்டுக் கதவைத் திறந்துகொண்டே சொன்னாள், "ரெண்டே போதும். வாய்ப்புண்ணோட நீங்க பேசாம கிடந்தா நான் யார்கூட சண்டை போடறது?"

அந்த ரெண்டு மருந்தில் ஒன்று சிறுநீரகத்தைப் பதம் பார்க்குமாம், நல்லவேளை என்னுடையது பரிசோதனையில் தேறிவிட்டது. அம்மா தண்ணீர்ச் செம்போடு வீடெல்லாம் என்னைத் துரத்துகிறாள். மருந்து ஏறிய நாட்களில் குமட்டல், காதில் வேறு ரீங்காரம், அம்மா திட்டும்போது பின்னணி இசை மாதிரி இருக்கிறது என்றேன், உடனே டாக்டரம்மாவிடம் இழுத்துப்போய்ச் சொல்ல வைத்துவிட்டாள். முடி கொஞ்சம் மெலிந்தது, மீசை அசையவில்லை. போன வாரம் எடுத்த ஸ்கேனில் நுரையீரலில் இருந்தவை நன்றாகச் சுருங்கியிருக்கின்றன. அம்மா படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஒன்றும் புரியாமலே, சுருங்கியிருக்கு, சுருங்கியிருக்கு என்று பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டினாள். மாப்பிள்ளையைச் சிகரெட்டை விடச் சொல், டாக்டரம்மா என்னிடம் கேட்ட முதல் கேள்வியே சிகரெட் உண்டா என்பதுதான்.

லீவைச் சேர்த்து வைத்துக்கொண்டு வருகிறேன் என்கிறாய். எந்த நாளுக்காகச் சேர்க்கிறாய் என்று எனக்குத் தெரியாதா? அன்றைக்கு நீ வந்தால் நான் உன்னோடு ஒரு வார்த்தை பேச முடியாது பாப்பா. இப்போதே வா, நான் கேலி செய்ய, நீ கோபித்துக்கொள்ள.

இருவரும் நீண்ட காலம் நிறைவாக இருங்கள். டிக்கெட் எடுத்ததும் முதலில் அம்மாவிடம் சொல், என்னிடம் சொன்னால் கடையில் உட்கார்ந்து ஊருக்கே சொல்லிவிடுவேன்.

ஆசிகளுடன்,
அப்பா