மரியாதையான ஒரு சொல்

வியாழன், ஐப்பசி, 1994

மில்லில் நூல் அறுந்ததற்கு, டெல்லிக்கார ஜெனரல் மேனேஜர் இன்று எல்லார் முன்னாலும் என் ரிப்போர்ட்டைத் தூக்கி எறிந்தார். "அவரு ஏசுததுக்கு நீங்க என்னத்துக்கு சார் தலையாட்டுதீய?" என்று ஃபோர்மேன் சுடலை கேட்டான்.

சாயங்காலம் அதே மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். நாளை யூனியன் தலைவரோடு பேச்சுவார்த்தை. மரியாதையாகக் கூப்பிட ஒரு தமிழ்ச் சொல் வேண்டுமாம். 'அண்ணாச்சி' என்று சொல்லியிருக்க வேண்டும். 'ஏலே' என்று இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தேன். வயதில் மூத்தவரை இந்த ஊரில் அப்படிக் கூப்பிட்டால் செருப்புதான் பேசும். தலைவர் என்னைப் போலத் தலையாட்டுகிற ஆள் இல்லை.

மேனேஜர் எழுந்து, என்னைப் பார்த்துக் கைகூப்பி, "ஏலே, நன்றி" என்றார். இரண்டு வருஷத்தில் எனக்குச் சொன்ன முதல் நன்றி. மனசு கொஞ்சம் இளகத்தான் செய்தது.

"இன்னும் சத்தமாகச் சொல்லணும் சார்" என்றேன்.