அடுத்த வருஷத்துக்கு யாரை வைத்துக்கொள்கிறாய்?

கெல்லர்ஸ் லேண்டிங், அயோவா
அக்டோபர் 3

அன்புள்ள அம்புரோஸுக்கு,

வெர்லா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்காக எழுதவில்லை. போன் செய்தால் நீ எடுப்பதில்லை. செய்தி அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு ஓய்ந்துவிடுகிறாய். கட்டைவிரலோடு எத்தனை நாள்தான் பேசுவது? அதனால் தாளை எடுத்துவிட்டேன். காலமெல்லாம் பள்ளிக்கூடப் பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்த கை இது, எழுத்து கோணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

முதலில் நல்ல சேதி. நம் பேஸ்பால் லீகில் இந்த வருஷம் முதலிடம் உனக்கு. நீயே பார்த்திருப்பாய். ஆனாலும் லீகின் தலைவி நான் அறிவித்தால்தான் செல்லும். கடைசி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை டுவைன் உன் கழுத்தில் மூச்சு விட்டுக்கொண்டு வந்தான். ஜூலையில் நீ வாங்கிப் போட்டாயே, முழங்காலில் கட்டோடு நொண்டும் அந்தக் கிழவன், அவன் எட்டாவது இன்னிங்ஸில் ஒரு ஹோம் ரன் அடித்தான். அதோடு கதை முடிந்தது. டுவைன் தன் தொப்பியைக் கழற்றித் தரையில் போட்டு மிதித்தான். நார்பர்ட் வளர்த்த பன்றியில் பாதி உனக்குப் பரிசு. வெட்டிப் பொட்டலம் கட்டி என் ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். ஐஸ்கிரீம் வைக்க இடமில்லாமல் என் பேரப்பிள்ளைகள் உன்னைத் திட்டுகிறார்கள்.

இனி பாக்கி. அடுத்த வருஷத்துக்கு நீ வைத்துக்கொள்ளப்போகும் நாலு ஆட்டக்காரர்களின் பெயர் இன்னும் வரவில்லை. மற்ற எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். இந்த மாத நடுவுக்குள் பெயர் தராதவன் லீகை விட்டுப் போனதாகக் கணக்கு, அவன் இடம் வேறொருவனுக்கு. இந்தச் சட்டத்தைப் போட்டதே நீதான். டுவைனின் மருமகன் வேறு இடம் கிடைக்குமா என்று வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சீசன் முடிவு விருந்து வழக்கம்போல் பௌலிங் கூடத்தின் பின்னறையில் நடந்தது. பன்னைவிட மூன்று மடங்கு பெரிய பன்றி வறுவல், வெங்காய வளையம், பீர். பரிமாற ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். நாங்கள் போட்ட கூச்சலைப் பார்த்துவிட்டு, நீங்கள் எந்தக் குழுவில் ஆடுகிறீர்கள் என்று கேட்டாள். டுவைன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு விளக்கினான். "நாங்க ஆட மாட்டோம்மா. டிவில ஆடுற நிஜ ஆட்டக்காரங்கள நாங்க ஏலத்துல எடுத்துப் பங்கு போட்டுக்குவோம். அவன் அங்க அடிச்சா இங்க எங்க கணக்குல புள்ளி ஏறும். வருஷக் கடைசில நாலு பேர மட்டும் வெச்சுக்கலாம், மத்தவன்லாம் திரும்ப ஏலத்துக்குப் போயிடுவான்." அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்போ அவங்களுக்கு உங்களத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றதும், "பாவம்" என்று சொல்லிவிட்டுக் கெட்சப் எடுக்கப் போனாள். எங்களைச் சொன்னாளா அவர்களைச் சொன்னாளா என்று இன்னும் தகராறு ஓடுகிறது.

எனக்கு அந்த இடத்தில் நம் பஸ் கொட்டகை நினைவு வந்துவிட்டது. காலைச் சவாரி முடித்துப் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மறுபடி மூன்று மணிக்குக் கிளம்பும்வரை அந்தத் தகரக் கொட்டகையில் நமக்கு என்ன வேலை? டீசல் வாடையில் காபி குடித்தோம், சீட்டு ஆடினோம், சண்டை போட்டோம். நீதான் பழைய செய்தித்தாள்களைக் கொண்டுவந்து மேஜையில் பரப்பி, எல்லோரும் ஆளுக்கு ஒரு குழு எடுங்கள் என்றாய். நான் கேட்காமலேயே எனக்கும் ஒரு நாற்காலி போட்டாய். "பொம்பளைக்கு எதுக்குடா பேஸ்பால்?" என்று டுவைன் சொன்னதும், "அவ உன்னவிட நல்லா ரிவர்ஸ் எடுப்பா, உக்காரட்டும்" என்றாய். அந்த வருஷம் நான் உங்கள் எல்லோரையும் தோற்கடித்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வசந்தகாலம் ஒன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்த என் கணவர் ரேகூட இதைக் கேட்டுச் சிரித்திருப்பார், கோபித்திருக்கமாட்டார்.

உனக்கு அப்போது வைத்த பட்டப்பெயர் நினைவிருக்கிறதா? "அடுத்த வருஷம்". ஏலத்தில் நாங்கள் எல்லோரும் பேர்பெற்றவர்களுக்காக அடித்துக்கொள்வோம். நீ மட்டும் மூலையில் உட்கார்ந்து மீசை முளைக்காத பையன்களாகப் பொறுக்குவாய். கடைசி இடத்தில் வந்து, எல்லோருக்கும் ஆப்பிள் பை வாங்கிக் கொடுத்துவிட்டு, "அடுத்த வருஷம் பாருங்கடா" என்பாய். பொறுத்தவன் பூமி ஆள்வான் என்பார்கள். நீ பூமியை ஆளவில்லை, பொறுத்துக்கொண்டு மட்டும் இருந்தாய். அதில் உனக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. எனக்கு அது புரிந்ததே இல்லை. நான் ஜூன் மாதத்துக்குள் எல்லோரையும் மாற்றிவிடுகிற ஆள்.

அப்படிப்பட்டவன் இந்தக் கோடையில் என்ன செய்தாய்? நாலு வருஷமாக அடைகாத்த, நடுக்களத்தில் பந்து தடுக்கும் அந்த ஷார்ட்ஸ்டாப் பையனை என்னிடம் தள்ளிவிட்டு, ஓய்வுபெறப்போகும், பந்தெறியும் ஒரு பிட்சரை வாங்கினாய். மறுவாரம் இன்னொரு பையன் போனான். ஆகஸ்டுக்குள் உன் குழுவில் முப்பத்தைந்து வயதுக்குக் கீழே ஒருவனும் இல்லை. மூட்டுவலிக்காக மகளோடு அரிசோனா வெயிலுக்குப் போனவனுக்கு வெயில் மூளையில் ஏறிவிட்டது என்று நான் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அந்த ஷார்ட்ஸ்டாப்பை உன்னிடமிருந்து பறித்ததை மளிகைக்கடையில் வரிசையில் நின்றவர்களிடம்கூடப் பெருமையடித்தேன்.

விருந்திலும் அதே பேச்சுதான். "இத்தன வருஷமா நாளைக்கு நாளைக்குன்னு கெடந்தவன், திடீர்னு இன்னைக்கே வேணும்னு எப்படிடா வந்தான்?" என்று டுவைன் கேட்டான். எல்லோரும் சிரித்தோம். நார்பர்ட் மட்டும் சிரிக்கவில்லை. அவனுக்கு இந்த வருஷம் சோளம் நன்றாக விளைந்திருக்கிறது, அறுவடையைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தான், சட்டையெல்லாம் தூசி. தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "விதைக்கு வெச்சத எவன் எடுத்துத் திம்பான்? அடுத்த போகம் நாம வெதைக்கப் போறதில்லன்னு முடிவு பண்ணவன்தான் திம்பான்."

அதற்குப் பிறகு யாரும் ஆப்பிள் பையைத் தொடவில்லை. டுவைன் உன் வெற்றிக்காக எடுத்த கிளாஸை அப்படியே கீழே வைத்துவிட்டான். அவன் கண் கலங்கியதை நான் பார்த்தேன். இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்லாதே, இல்லை என்று சாதிப்பான்.

மறுநாள் காலை நான் உன் மகள் ஜோலீனைக் கூப்பிட்டேன். அவளைக் கோபிக்காதே, அவளாகச் சொல்லவில்லை. மூட்டுக்கு எந்த டாக்டரிடம் காட்டுகிறார் என்று கேட்டேன், அதற்கே அழுதுவிட்டாள். மூட்டுவலி இல்லை, புற்றுநோயாம். முதல் தடவை போட்ட மருந்து கொஞ்சம் கேட்டிருக்கிறதாம். இன்னொரு சுற்றுப் போட்டால் நல்ல வாய்ப்பு உண்டு என்கிறார்களாம். நீதான் போதும் என்றிருக்கிறாய். "நான் சொன்னா, போய்த் தூங்கும்மாங்கறாரு. நீங்க சொல்லிப் பாருங்க வெர்லா" என்றாள்.

நான் என்ன சொல்வேன்? உன் உடம்பு. ஊசி குத்திக்கொண்டு வாந்தியெடுத்துக் கிடக்கப்போவது நீ, நானில்லை. ரே படுத்திருந்தபோது பக்கத்திலிருந்து பார்த்தவள் நான், அதனால் தைரியமாக இரு என்று சுலபமாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எங்களுக்குத் தெரியாமல் எல்லாவற்றையும் விற்று முடித்துவிட்டு, ஒரு முதலிடத்தை வாங்கிக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே போகப் பார்த்தாயே, அது எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். மூன்றாம் நாள் கோபம் போய்விட்டது, பயம்தான் மிச்சம்.

அதனால் இப்போது தலைவி என்ற முறையில் ஒரு வேலை செய்திருக்கிறேன். என் குழுவில் ஒரு பத்தொன்பது வயதுப் பையன் இருக்கிறான். இடதுகை பிட்சர். ஆற்றங்கரையில் சின்ன லீகில் ஆடுகிறான், நானும் நார்பர்ட்டும் போய்ப் பார்த்தோம். எறிந்ததில் பாதி வேலியில் பட்டது, ஒன்று நடுவரின் தோளில் பட்டது. ஆனால் இடையில் ஒன்று எறிந்தான் அம்புரோஸ், பந்து கண்ணுக்கே தெரியவில்லை, அடிக்க நின்றவன் மட்டையைக்கூட அசைக்கவில்லை. பெரிய லீகுக்கு வர நாலு வருஷமாவது ஆகும் என்கிறார்கள். நம் வயதில் எவனாவது இந்தப் பையனை எடுப்பானா என்று நார்பர்ட் கேட்டான். எனக்கு உன்னைத் தவிர வேறு யாரும் தோன்றவில்லை.

அவனை உனக்குக் கொடுக்கிறேன். சீசன் முடிந்தபின் மாற்றக் கூடாது என்று சட்டம் இருப்பது தெரியும். எல்லோரையும் கூப்பிட்டுக் கேட்டேன், ஒருவரும் மறுக்கவில்லை. எதற்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடும் டுவைனே, "குடுத்துடு. ஆனா ஓசில குடுக்காத. மார்ச் மாசம் ஏலத்துக்கு நேர்ல வந்து என் எதிர்ல உக்காரணும், அதான் வெல" என்றான். தன் மருமகனிடமும், இடம் எதுவும் காலியில்லை, போய் வேலையைப் பார் என்று சொல்லிவிட்டானாம்.

என்னிடம் இருந்தால் அந்தப் பையன் கெட்டுப்போவான். நாலு ஆட்டம் சொதப்பினால் நான் விற்றுவிடுவேன், உனக்கே தெரியும். அவனுக்குக் காத்திருக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

திங்கட்கிழமை டாக்டர் உன் பதிலைக் கேட்பார் என்று ஜோலீன் சொன்னாள். அதற்குள் இந்தக் கடிதம் கிடைத்துவிட வேண்டும் என்று தபால் நிலையத்தில் சண்டை போட்டு அனுப்புகிறேன். நாலு பெயர் வேண்டாம். உன் கிழவர்கள் எல்லோரும் ஏலத்துக்குப் போகட்டும். அந்த ஒரு பையனை வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் எழுது. முதலில் டாக்டரிடம் சொல், பிறகு எனக்கு எழுது.

கடவுள் உனக்குப் பொறுமையைக் குறைவில்லாமல் கொடுத்தார். இன்னும் நாலு வருஷத்துக்கு வேண்டிய பலத்தையும் அவர் கொடுக்கட்டும்.

உன்னை யாருக்கும் விட்டுக்கொடுக்க மனமில்லாத,
வெர்லா