மடப்பள்ளித் திறப்பு

வென்ட்வேர்த்வில்
04.05.2025

அன்புள்ள தங்கைச்சி மிருணாளினிக்கு,

நாங்கள் சுகம். பேரன் அனுஷன் பொறியியல் முடித்துப் பரமட்டாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். கஜீவனுக்கு நீச்சலில் வெள்ளிப் பதக்கம். சின்னவள் ஹரிப்பிரியா பழைய கிரேக்கச் சரித்திரத்தில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அவள்தான் இப்போது வாத்தியார்.

நீ ஃபோனை எடுக்காதபடியால் எழுதுகிறேன். ஹரிப்பிரியா சொன்னது நெஞ்சை விட்டுப் போகுதில்லை. அந்தக் காலத்துக் கிரேக்கத்தில் சில பேர், சட்டம் தராத அரச கதிரையில் தாங்களாகவே ஏறியிருந்து ஆண்டார்களாம். எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. தண்ணீர் கொண்டுவந்தார்கள், திருவிழா நடத்தினார்கள், சனமும் விரும்பியது. அதில் ஒருவன், பிசிஸ்திராத்தோஸ் என்று பெயர், நெட்டைப் பெண்ணொருத்திக்குக் கவசம் போட்டுத் தேரில் ஏற்றி, "அம்மனே இவனைக் கூட்டிக்கொண்டு வாறா" என்று ஆள் விட்டுச் சொல்லுவித்து ஊருக்குள் வந்தானாம். ஊரே கும்பிட்டதாம். இரண்டாயிரத்து ஐந்நூறு வருசத்துக்கு முந்தி, பிள்ளை.

கோயில் மடப்பள்ளிப் பூட்டின் திறப்பை அம்மன் கனவில் வந்து என் கையில் தந்தா என்று கூட்டத்தில் சொன்னேனே, உன் சாம்பாரைச் சனம் புகழத் தொடங்கிய வருசம். அதோடுதானே மடப்பள்ளியில் உனக்கு இடமில்லாமல் போய், நீ படியிறங்கிப் போனாய். அப்படியொரு கனவு எனக்கு வரவேயில்லை.

அக்கா,
தவமணி

ட்ருகனினா
19.05.2025

அன்புள்ள அக்கா,

பிள்ளைகளின் செய்தி சந்தோசம். கனவு பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். எல்லோரும் கும்பிட்டார்கள், நானும் கும்பிட்டேன். அதுதான் பதினாறு வருசமாக ஆறவில்லை. எனக்கு மட்டும் சொன்னால் காணாது. அன்றைக்குக் கும்பிட்டவர்களிடமும் சொல்லுங்கோ.

மிருணாளினி

வென்ட்வேர்த்வில்
08.06.2025

அன்புத் தங்கைச்சி,

வெள்ளிக்கிழமைப் பூசை முடிய எல்லோரையும் இருத்திச் சொல்லிவிட்டேன். ஒருவரும் திகைக்கவில்லை. "எங்களுக்குத் தெரியும் அன்ரி. வாய் திறந்தால் மிருணாளினி அக்காவுக்கு நடந்ததுதானே எங்களுக்கும்" என்றாள் மடப்பள்ளியில் எங்களோடு சமைக்கிற ரஞ்சினி. அவர்கள் பேசாமல் இருந்ததுதான் இவ்வளவு காலமும் என் பலம். அம்மனுமில்லை, திறப்புமில்லை. நான் அப்படியே இருந்துவிட்டேன்.

திறப்பை மேசையில் வைத்து வாக்கெடுக்கச் சொன்னேன். ரஞ்சினி வென்றாள். எனக்கு நாலு வாக்கு. இப்போது கத்தரிக்காய் வெட்டுகிறேன்.

இன்னொன்றும் சொல்லவேணும். எப்படி ஆளுவது என்று கேட்டு வந்த தூதனுக்கு விடையாக, ஒரு கிரேக்க அரசன் வாயே திறக்காமல் வயலில் நடந்து, உயர்ந்து நின்ற கதிர்களை மட்டும் ஒடித்து எறிந்துகொண்டே போனானாம். மடப்பள்ளிச் சுவரில் தொங்குகிற எங்கள் படத்தில், பின்வரிசையில் உயரமாக நின்ற உன்னை நான்தான் கத்தரித்தேன்.

அந்த இடம் இன்னும் வெறுமையாகக் கிடக்குது. புதுப் படம் ஒன்று தபாலில் அனுப்பு, பிள்ளை. இருந்து எடுத்தது வேண்டாம். எழும்பி நின்று, முழு உயரமும் விழ எடுத்தது.

அக்கா,
தவமணி