முதுகு காட்டிய இரண்டு பிறை

அக்கா,

காலையில் அலமாரியைத் துடைக்கையில் நீங்கள் கொடுத்த பீங்கான் கிளி கையில் வந்தது. கவிழ்த்தேன். அடியில் உங்கள் நகக்குறி, ஒன்றுக்கொன்று முதுகு காட்டிய இரண்டு பிறை. துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

விருத்தாசலத்தில் நாம் வேலை பார்த்த பொம்மைக் கொட்டகையில் ஆளுக்கொரு குறி உண்டு. அச்சிலிருந்து எடுத்த ஈரப் பொம்மையின் அடியில் நகத்தால் கீறிவிடுவோம். சூளையில் வெடித்தால் யார் கைப் பொம்மை என்று தெரிய வேண்டுமே. என்னுடையது வெறும் மூன்று புள்ளி. எனக்குக் கற்பனை கதையில் மட்டும்தான் வரும் என்று கிண்டல் செய்வீர்கள்.

சாப்பாட்டு வேளையில் நான் எழுதியதைப் படித்துக்காட்டுவேன். "நீயே இவ்ளோ அழுதுட்டா படிக்கிறவங்க எதுக்கு அழுவாங்க? மெதுவா சொல்லு புள்ள," என்றீர்கள் ஒருநாள். கதையிலிருந்த பாதிக் கண்ணீரை அன்றே அடித்துவிட்டேன்.

அப்படி ஒரு மதியம்தான் அதையும் சொன்னீர்கள். சவூதியில் இருப்பதாக எல்லோரும் நம்பிய உங்கள் வீட்டுக்காரர் திருப்பூரில் வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறார். நீங்கள் வெள்ளிக்கிழமைதோறும் எஸ்.டி.டி. பூத்தில் யாரும் இல்லாத போனில் பேசிவிட்டு வருகிறீர்கள். "உங்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

நான் அதைக் கதையாக்கினேன். பெயரை மாற்றினேன், ஊரை மாற்றினேன், சவூதியைத் துபாயாக்கினேன். நீங்கள் சொன்னபடியே குரலை உயர்த்தாமல் எழுதினேன். குறியை மட்டும் மாற்ற மனம் வரவில்லை. கணவனையும் மனைவியையும் அந்த இரண்டு பிறையில் காட்டிய இடத்தில்தான் கதை எழுந்து நின்றது. தெரிந்தேதான் வைத்தேன்.

பத்திரிகை வந்த அன்று கொட்டகைப் பெண்கள் கைமாற்றிப் படித்தார்கள். ஒருத்தி எழுந்துபோய்ப் பலகையிலிருந்த உங்கள் பொம்மையைக் கவிழ்த்துப் பார்த்தாள். மற்றவர்கள் உங்கள் பக்கம் திரும்பினார்கள்.

நீங்களும் படித்தீர்கள். "நல்லாத்தான் எழுதியிருக்க. அந்தப் பொம்பளைக்காக நானே அழுதுட்டேன்," என்றீர்கள். பிறகு அன்று செய்த பொம்மைகளின் அடியை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்தீர்கள். "போயிட்டு வரேன்" என்று ஸ்ரீமுஷ்ணம் பஸ் ஏறியவர் திரும்பி வரவே இல்லை.

நானும் உங்களைத் தேடிக்கொண்டு வரவில்லை. வெட்கம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் கதையைப் பாராட்டி வந்த கடிதங்களைப் பத்திரமாக எடுத்து வைத்தேன். நீங்கள் இறந்த செய்தி மூன்றாம் ஆள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது எதை எழுதினாலும், உள்ளே யாருடைய குறியாவது கிடக்கிறதா என்று கவிழ்த்துப் பார்க்கிறேன். இந்த மடலையும் பார்த்தேன். படிப்பவர்கள் உடனே நம்ப வேண்டும் என்று உங்கள் இரண்டு பிறையைத்தான் முதலில் வைத்திருக்கிறேன். துடைக்க இன்னும் மனம் வரவில்லை, அக்கா.