மனைவி கிடையாது என்று எழுதிய காகிதம்

என் பிரியமுள்ள பார்வதிக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதுகிறேன். நானேதான், என் கையாலேயே. பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் சொல்லச் சொல்ல எழுதவில்லை. இந்த வரிக்கு வந்து சேரவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. 'ழ' போடும்போது நாக்கு தானாக வெளியே வந்துவிடுகிறது. நீ பார்த்தால் சிரிப்பாய்.

அறுபது தாண்டியவனுக்கு எழுத்து எங்கிருந்து வந்தது என்று கேட்பாய். நீ போன பிறகு, சாயங்காலம் மாடுகளை அவிழ்த்துக் கட்டியதும் எனக்கு வீட்டுக்குள் போகப் பிடிப்பதில்லை. அரிசிக்கடை ராவுத்தர் வாசலில் போய் உட்காருவேன். சும்மா உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்கச் சகிக்காமல் அவர்தான் பலகையில் 'அ' போட்டுக் கொடுத்தார். இப்போது சிராங்கூன் ரோட்டில் ஒரு தமிழ்ப் பலகையையும் விடுவதில்லை. சத்தமாக வாசித்துக்கொண்டே நடக்கிறேன். "ஓய், ஏலம் போடுற மாதிரி கத்தாதீரும், ஊரே பாக்குது" என்கிறார் ராவுத்தர். என்ன செய்ய? சந்தோஷம் வாயை மூட விடமாட்டேன் என்கிறது.

அந்தச் சந்தோஷத்தில்தான் போன வெள்ளிக்கிழமை உன் தகரப் பெட்டியைத் திறந்தேன். சேலைகளுக்கு அடியில் அந்தச் சர்க்கார் வரிக் காகிதம் இருந்தது. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி மடித்து வைத்திருந்தாய். விரலை வைத்து எழுத்துக் கூட்டினேன். "பெயர் வேலாயுதம். தொழில் மாட்டுவண்டி. மனைவி கிடையாது."

தப்பாக வாசிக்கிறேனோ என்று மூன்று தடவை பார்த்தேன். தப்பு இல்லை. அப்படி எழுதச் சொன்னவனே நான்தானே, பார்வதி.

அந்த நாள் உனக்கு மறந்திருக்காது. சண்டைச் செலவுக்கென்று சர்க்கார் வருமானத்துக்கு வரி போட்ட வருஷம். என் வண்டிகள் செங்கல் ஏற்றி ஓயாமல் ஓடின. நானும் வரி கட்டுகிறவன் ஆகிவிட்டேன். சம்சாரம் இந்த ஊரில் கூடவே இருந்தால் கொஞ்சம் குறைத்துப் போடுவார்கள் என்றார்கள். நான் இங்கே பிறந்தவன். நீ நாகப்பட்டினத்தில் கப்பலேறி வந்தவள். கல்யாணம் உன் ஊர்க் கோயிலில் நடந்தது. அதற்குச் சீட்டு ஏது? "அப்போ அந்தம்மாவையே கூட்டிட்டு வாங்க. அவங்க வாயால சொன்னாப் போதும்" என்றார் ஆபீசில் இருந்த துபாஷி.

நீ புதுச்சேலை கட்டிக்கொண்டு வந்தாய். துரை கேட்டதைத் துபாஷி தமிழில் கேட்டார். "உங்க வீட்டுக்காரர் பேர் என்னம்மா?"

நீ முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு என்னைக் கைகாட்டினாய்.

"கைகாட்டினா ஆகாதும்மா. பேரைச் சொல்லணும்."

"முருகன் கையில வச்சிருப்பாருங்கய்யா" என்றாய், மெதுவாக.

வரிசையில் நின்றவர்களுக்குக் கொண்டாட்டம். "சேவலா தாயி?" என்றான் ஒருவன். "தொரைக்கே விடுகதை போடுதுப்பா!" என்றான் இன்னொருவன். துரை பேனாவால் மேசையைத் தட்டினார்.

புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுசு குறையும் என்று நம்பியவள் நீ. என் உயிருக்காகத்தான் வாய் திறக்காமல் நின்றாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும், நாலு பேர் சிரிப்பதைத் தாங்க முடியாமல் துபாஷியின் காதருகே குனிந்தேன். "சம்சாரம் இல்லைன்னே எழுதிக்குங்க. முழு வரியையும் கட்டிட்டுப் போறேன்."

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா?"

"எழுதுங்கய்யா."

எழுதினார். நான் பெருவிரலை உருட்டினேன். தமிழில் ஒரு நகலும் கொடுத்தார்.

திரும்பும்போது வண்டியில் கேட்டாய், "என்ன எழுதியிருக்காங்க?"

"நீ என் சம்சாரம்னு எழுதியிருக்கு."

"பேரைச் சொல்லாமலேயா?"

"தொரைக்குப் புரிஞ்சுபோச்சு."

காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். உன் முகத்தைப் பார்த்துவிட்டு மாட்டை அதட்டினேன்.

பக்கத்து வீட்டுச் செல்லம்மா உன்னைக் குழாயடியில் எத்தனை நாள் குத்திக்காட்டியிருக்கிறாள்! "கப்பல்ல வந்தவளுக்குத் தாலி கட்டினதை யாரு பாத்தா?" அன்றைக்குச் சாயங்காலமே அவள் முகத்துக்கு நேரே அந்தக் காகிதத்தை விரித்தாய். "பாத்துக்கடி. தொரையே எழுதிக் குடுத்தது." அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. அதோடு அவள் வாய் அடைத்தது. நான் வாசலில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டே பார்த்தேன். எழுத்துத் தெரிந்த ஒரு ஆள் அப்போது அந்த வழியாக வந்திருந்தால் நீ என்ன ஆகியிருப்பாய்? எப்படி அத்தனை வருஷம் உன் கையால் சாப்பிட்டேன்?

சண்டை முடிந்து அந்த வரியையும் எடுத்துவிட்டார்கள். திருத்தி வாங்கலாம் என்று திங்கட்கிழமை அதே ஆற்றங்கரை ஆபீசுக்குப் போனேன். துபாஷி இருந்த இடத்தில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். "வரியே இல்லை பெரியவரே, எதைத் திருத்தறது?" என்றார்.

ராவுத்தரிடம் காட்டினேன். வாசித்துவிட்டு மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார். "அடுப்புல போடும்யா. அந்தப் பிள்ளை பேரு நல்லபடியாவே இருந்துட்டுப் போகட்டும்" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சொன்னால் நீ பெருமையாகக் காட்டிய காகிதத்தை நானே பொய்யாக்குகிறேன். சொல்லாவிட்டால் 'மனைவி கிடையாது' என்ற எழுத்து அப்படியே நிற்கிறது. நீ எதைச் செய்யச் சொல்வாய்?

நேற்றுச் செல்லம்மா வந்தாள். அவளுக்கும் தலை நரைத்துவிட்டது. "அண்ணே, நாளன்னைக்குப் பார்வதி திதிக்கு நான் வந்து சமைக்கிறேன். அந்தத் தொரை காயிதத்தை வெளக்குப் பக்கத்துல வைங்க. எம்புட்டு ஆசையா வச்சிருந்தா! நானும் அவளை ரொம்பப் பேசிட்டேன்" என்று அழுதாள்.

உன்னைப் பேசியதற்கு அவள் அழுகிறாள். நான் உன்னை இல்லை என்றே சொன்னவன். அவளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன்.

முடிவு செய்துவிட்டேன், பார்வதி. நாளைக்கு உன் திதிக்கு எல்லாரும் வந்து உட்கார்ந்ததும் முதலில் அந்தக் காகிதத்தை வாசிப்பேன். பிறகு இந்தக் கடிதத்தை வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், நேரமாகும், பொறுத்துக் கேட்கட்டும். உனக்குத் தாலி கட்டியதை இந்த ஊரில் பார்த்தவன் நான் ஒருவன்தான். நானே வாய் திறக்கவில்லை என்பதை என் வாயாலேயே சொல்வேன். அவர்கள் என்னைத் திட்டட்டும், சிரிக்கட்டும். இந்தத் தடவை சிரிப்புக்குப் பயந்து பாதியில் நிறுத்தமாட்டேன்.

உன்னைக் கட்டிய புருஷன்,
வேலாயுதம்