கட்டுத்துணியில் சந்தனம்

பழனியிலிருந்து வரும் பஸ்ஸில் இன்று எனக்கு முன் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முடியிறக்கிய தலை, அதில் இன்னும் காயாத சந்தனம். கூட்டம் நெருக்கியதில் அந்தத் தலை என் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தேன், முந்தானையால் மூக்கைப் பொத்திப் பார்த்தேன், முடியவில்லை. ஒட்டன்சத்திரத்திலேயே இறங்கிவிட்டேன். சாமி சந்தனத்துக்கு மூக்கைப் பொத்துகிறாளே என்று பக்கத்தில் இருந்த அம்மா முணுமுணுத்தார். சொல்லிவிட்டுப் போகட்டும். அடுத்த பஸ்ஸுக்குக் காத்திருந்தபோதுதான் உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. நீங்கள் போய் நாலு வருஷம் ஆகிறது.

நான் எரியோட்டுப் பக்கம் மல்லிகைத் தோட்டத்தில் வளர்ந்தவள். மாப்பிள்ளைக்குத் திண்டுக்கல் டவுனில் வேலை என்றார்கள். என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்து நீங்கள் முதல் நாள் வேலைக்குப் போய்த் திரும்பியபோதுதான் தெரிந்தது. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழிக்குள் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. ஊறிய ஆட்டுத்தோலின் வாடையும் ஆவாரம்பட்டைத் தண்ணீரின் வாடையும் உங்கள் கையிலும் முடியிலும் ஏறியிருந்தன. உங்களுக்குச் சோறு போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடி வாந்தி எடுத்தேன். ஒரு வாரம் பச்சைத் தண்ணீரைத் தவிர எதுவும் உள்ளே போகவில்லை. என்ன செய்கிறது என்று நீங்கள் கேட்டதும் ஒளிக்காமல் சொன்னேன்.

"உங்க மேல வாடை அடிக்குது. எனக்குச் சோறு எறங்கல."

பதினேழு வயசு, வாய்த்துடுக்கு. அன்றைக்கு இந்த வாயைத் தைத்து வைத்திருக்கலாம் என்று நினைக்காத நாள் இல்லை.

நீங்கள் கோபப்பட்டிருக்கலாம், படவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே பேகம்பூரில் ஒரு அத்தர் கடைக்கு என்னை அழைத்துப் போனீர்கள். கடைக்காரப் பாய் என் கையை நீட்டச் சொன்னார். நீங்கள் உங்கள் கையை நீட்டினீர்கள். மணக்க வேண்டியது இந்தக் கைதான் பாய் என்று சிரித்தீர்கள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூன்று இடத்தில் வைத்தார்: மல்லிகை, ரோஜா, சந்தனம். தேய்க்கக் கூடாது என்றார். "இப்ப எல்லாமே நல்லாத்தான் இருக்கும். வெயில்ல செத்த நேரம் நடந்துட்டு வந்து மோந்து பாரும்மா."

மலைக்கோட்டை அடிவாரம் வரை நடந்தோம். தெருவில் வைத்துப் புருஷன் கையை முகர்ந்து பார்த்த முதல் பெண்பிள்ளை திண்டுக்கல்லில் நானாகத்தான் இருப்பேன். என் அப்பா தோட்டத்து மல்லிகை உங்கள் தோலில் அழுகிப்போயிருந்தது. ரோஜா இருந்த இடமே தெரியவில்லை. சந்தனம் மட்டும் நின்றது. அடியில் தோல்வாடை இருக்கத்தான் செய்தது, ஆனால் சந்தனம் அதோடு சண்டைக்குப் போகாமல் மேலே போர்த்திக்கொண்டிருந்தது. இதுதான் என்று நான் சொன்னேன். நான்தான் சொன்னேன்.

அந்த அத்தர் வாங்கும் காசுக்காகப் பீடியை விட்டீர்கள். தினமும் வேலை முடிந்ததும் ஷாப் கிணற்றிலேயே குளித்து, காதுக்குப் பின்னாலும் நெஞ்சிலும் ஒரு சொட்டுத் தடவி, அத்தர் நனைத்த பஞ்சைக் காதுமடலில் செருகிக்கொண்டுதான் வீட்டு வாசலை மிதிப்பீர்கள். ஷாப்பில் எல்லோரும் உங்களை மைனர் என்று கூப்பிட்டார்கள். எனக்கு உள்ளூரப் பெருமைதான். எங்கள் தெருவில் தோல் ஷாப்புக்குப் போகிற மற்ற வீடுகளைப் பார்த்து மூக்கைச் சுளிக்கவும் கற்றுக்கொண்டேன்.

பிறகு அந்தக் கோடை. வலது காலில் துணி சுற்றியிருந்தீர்கள். ஆணி குத்திவிட்டது என்றீர்கள். மஞ்சள் அரைத்துப் போடுகிறேன் என்றதற்கு, மேஸ்திரி மருந்து போட்டுவிட்டார், அவிழ்க்கக் கூடாது என்றீர்கள். புழுக்கமாக இருக்கிறது என்று பாயை வாசல் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டீர்கள். இரண்டு மாதம் வருகிற அத்தர் குப்பி பத்தே நாளில் காலியானது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா? நான் கேலி செய்தேன். "என்ன, மறுபடியும் மாப்பிள்ளை ஆகப் போறீகளா?" நீங்களும் சிரித்தீர்கள். எப்படித்தான் சிரிக்க முடிந்ததோ உங்களுக்கு.

காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். கட்டை அவிழ்த்த நர்சம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சுண்ணாம்பு தின்ற புண். விரல்கள் கறுத்து, பாதம் பாதி அழுகியிருந்தது. சுற்றியிருந்த துணி முழுக்க நான் தேர்ந்தெடுத்த சந்தனம். இவருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது, அதனால் வலி தெரிந்திருக்காது என்றார் டாக்டர். விஷம் மேலே ஏறிவிட்டது, இனிக் காலை எடுத்தும் பயனில்லை என்றார். அப்புறம் என்னைப் பார்த்து ஒன்று கேட்டார். "வலிதாம்மா தெரியாது. இம்புட்டு நாளா வீட்டுல யாருக்கும் வாடையுமா தெரியல?"

மறுநாள் காலையில் உங்களுக்குச் செத்த நேரம் தெளிவு வந்தது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டு உங்கள் தோளைப் பிடித்து உலுக்கினேன். அந்த நிலைமையிலும் உலுக்கினேன், அப்படிப்பட்டவள் நான். நீங்கள் மெதுவாகச் சொன்னீர்கள். "வந்த புதுசுல ஒரு வாரம் பட்டினி கெடந்த புள்ள. திரும்பவும் நீ திங்காமப் போயிருவியோன்னு இருந்துச்சு."

அன்று சாயங்காலம் எல்லாம் முடிந்துவிட்டது. வீட்டில் குளிப்பாட்டியபின் உங்கள் பங்காளிகள் வழக்கப்படி நெஞ்சில் பூசச் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தார்கள். நான் கிண்ணத்தைப் பிடுங்கி வாசலில் எறிந்தேன். கட்டினவனுக்குக் கடைசிச் சந்தனம் கூடக் கொடுக்காதவள் என்று இன்றைக்கும் பேசுகிறார்கள். காரணம் சொல்லவில்லை, யாரிடம் சொல்ல?

டாக்டர் கேட்டதற்கு நான் இன்னும் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன். பதிமூன்று வருஷம் உங்களோடு ஒரே கூரைக்குள் இருந்தேன். இரண்டு பிள்ளை பெற்றேன். உங்கள் உடம்பின் வாடை எது என்று எனக்குத் தெரியாது. அந்த ஒரு வாரம் மட்டும் தெரிந்திருந்தது, அதையும் நான் வாந்தி எடுத்தேன்.