அம்மாவின் காதும் ஆரஞ்சு நிற மைட்டோகாண்ட்ரியாவும்

உதட்டசைவைப் பார்த்தே என் பேச்சைப் புரிந்துகொண்ட அம்மாவுக்கு,

உன் காது போனதற்குத் தவில் காரணமில்லையாம். டாக்டர் சொல்லிவிட்டார், ரத்தப் பரிசோதனை முடிவும் வந்துவிட்டது. நீ இருக்கும்போதே தெரிந்திருந்தால் அப்பாவின் வாயை அடைத்திருக்கலாம்.

பங்குனித் திருவிழாவில் சுவாமி அதிகார நந்தி வாகனத்தில் வரும் நாள் காலை, வடக்கு மாட வீதி முனையில் தவில்காரரை ஒட்டினாற்போல் போய் நிற்பாய். புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரி முடிகிற வரை நகர மாட்டாய். பிறகு காது மந்தமானபோது அப்பா அதையே பிடித்துக்கொண்டார். "தவிலுக்குப் பக்கத்துல போய் நின்னா காது என்னத்துக்கு ஆகும்? சொன்னா கேட்டாத்தானே" என்பார். சர்க்கரை வந்தபோது பழி பால்கோவா மேல் விழுந்தது. நீயும் இரண்டையும் ஒப்புக்கொண்டாய்.

ஒப்புக்கொண்டதோடு விட்டாயா? புவனாவைத் திருவிழாவுக்கே அனுப்பவில்லை. "என்னை மாதிரி உனக்கும் ஆயிடும். ஆத்துலேர்ந்தே கேளு" என்று மாடியில் நிறுத்திவிட்டாய். சுவாமியின் குடையை மட்டும் பார்த்துக்கொண்டு வளர்ந்தாள் உன் பெண். அவளுக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியாததா?

இப்போது அவளுக்கும் காது மந்தம். அடையாறில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறாள் அல்லவா, "வார்த்தையை முழுங்காம பாடுங்கோடி" என்று குழந்தைகளைத் திட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒரு பெண்ணின் அம்மா, "மேடம், அவ தெளிவாத்தான் பாடறா" என்று தயங்கித் தயங்கிச் சொன்ன பிறகுதான் டாக்டரிடம் போனோம். அவளுக்குச் சர்க்கரை முன்பே உண்டு. டாக்டர் கேட்ட முதல் கேள்வி உன்னைப் பற்றி. "அம்மாவுக்கும் சுகர், காது மந்தம் ரெண்டுமே இருந்துச்சா?"

பிறகு ஒரு தாளை எடுத்து செல் படம் போட்டார். படம் சுமார்தான். ராயப்பேட்டை அச்சகத்தில் பள்ளிக்கூட கைடுகளுக்கு அந்தப் படத்தை வருஷா வருஷம் போடுகிறவன் நான், எனக்குத் தெரியாதா? சுற்றிலும் சவ்வு, எதை உள்ளே விடுவது, எதை நிறுத்துவது என்று பார்த்துக்கொள்ளும். நடுவில் உட்கரு, என்னென்ன செய்ய வேண்டும் என்கிற குறிப்பெல்லாம் அதற்குள். ரிபோசோம் அதன்படி புரதம் கட்டும், கோல்கை அதைப் பொட்டலம் போட்டு அனுப்பும், லைசோசோம் குப்பையைக் கரைக்கும். இத்தனை பேருக்கும் சக்தி கொடுப்பது மைட்டோகாண்ட்ரியா. அதற்கு நான் எப்போதும் ஆரஞ்சு நிறம் கொடுப்பேன். "இதென்னடா, அவரைக்கொட்டையை உள்ளே போட்டிருக்கே?" என்று நீ ஒருமுறை கேட்டாய்.

அந்த அவரைக்கொட்டைதான் விஷயம். அதற்குள் உட்கருவைச் சேராமல் தனியாகக் கொஞ்சம் டிஎன்ஏ வளையமாக இருக்கிறதாம். நம் வீட்டில் அதில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. காதுக்குள் இருக்கும் செல்லுக்கும், இன்சுலின் சுரக்கிற கணையத்துச் செல்லுக்கும் நிறைய சக்தி வேண்டும். வருவது குறைந்தால் முதலில் அவைதான் தளர்கின்றன. பால்கோவா பாவம், அது என்ன செய்யும்?

அதோடு இன்னொன்றும் சொன்னார். மைட்டோகாண்ட்ரியா அம்மாவிடமிருந்து மட்டுமே வரும். எனக்கும் இருக்கிறது, இதுவரை சர்க்கரையோடு நிற்கிறது. "உங்களுக்குப் பசங்க?" என்றார். ஒரு பையன் என்றேன். "அவருக்குப் போகாது சார். அப்பாவோடது முட்டைக்குள்ள வந்தாலும் அழிஞ்சுடும்." எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் பக்கத்திலேயே புவனா உட்கார்ந்திருந்தாள், அவளுக்கு மைதிலி இருக்கிறாள். மைதிலிக்கும் வந்திருக்கும், எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, சிலருக்குக் கடைசி வரை ஒன்றும் தெரியாமலே போய்விடும் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்து மைதிலியிடம் எல்லாவற்றையும் சொன்னோம். காலேஜ் படிக்கிற பெண்ணிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது? புவனா காபியை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்துண்டிருப்பாளா அண்ணா?"

அது உன்னிடம் கேட்க வேண்டிய கேள்வி.

மைதிலிதான் பேசினாள். "பாட்டியை விடும்மா. நீ சொல்லு. உனக்கு முன்னாடியே தெரிஞ்சிருந்தா என்னைப் பெத்துண்டிருப்பியா?"

"அசடாட்டம் பேசாதே. உன்னைப் பெத்துக்காம இருப்பேனா?"

சொல்லிவிட்டு டம்ளரை அப்படியே மேஜை மேல் வைத்துவிட்டாள் புவனா. கொஞ்ச நேரம் கழித்து அழுதாள். அன்றைக்கு அந்தக் காபியை யாரும் குடிக்கவில்லை.

அம்மா, புது கைடில் அவரைக்கொட்டைக்குள் ஒரு சின்ன வளையம் போட்டுவிட்டேன். இடமில்லை என்றார்கள், உட்கருவைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டேன்.

வருகிற பங்குனியில் புவனாவையும் மைதிலியையும் வடக்கு மாட வீதிக்கு நானே கூட்டிக்கொண்டு போகிறேன். நீ நின்ற முனையில் நிற்க மாட்டோம். சத்தத்திலிருந்து எட்டியே இருக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், அதனால் நாலு கடை தள்ளி நிற்போம். மல்லாரி முடிகிற வரை புவனாவை யாரும் வீட்டுக்குக் கூப்பிடாமல் பார்த்துக்கொள்கிறேன்.

உன் மைட்டோகாண்ட்ரியா வந்து நின்றுவிட்ட இடம்,
உன் மகன் ரகு